நம் பெண் வேண்டாம் என்று சொன்ன பாஸ்

கோபக்காரி கஸ்தூரிக்கு, உறுவையாற்றிலிருந்து உன் மாமா ஆசையோடு எழுதுவது.

சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பெண் தர்ஷினி போன வருஷம் எட்டாவதில் ஃபெயில். இந்த வருஷமும் எட்டாவதுதான் படிக்கிறாள். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். "உனக்கு இன்னா மாமா, பைத்தியமா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறு. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பெற்றோரும் ஏதாவது எழுதித் தரலாம் என்று தர்ஷினியின் கணக்கு டீச்சர் பர்வீன் சொன்னார். கட்டுரை எழுத எனக்கு வராது. உன்னிடம் பேசத்தான் வரும். அதனால் உனக்கே எழுதிக் கொடுக்கிறேன். ஊரும் படிக்கட்டுமே. நமக்குள் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது?

கல்யாணமான புதிதிலிருந்து நமக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. மற்ற வீடுகளில் நகைக்கும் நாத்தனாருக்கும் சண்டை நடக்கும். நம் வீட்டில் பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடந்தது. நான் ஏழாவதில் இரண்டு தடவை ஃபெயில். தமிழ் நன்றாக வரும், கணக்கும் இங்கிலீஷும் வராது. இரண்டாவது தடவை ஃபெயிலானதும் என் தம்பி சேகர் படித்த அதே வகுப்பில் என்னையும் உட்கார வைத்தார்கள். கடைசி பெஞ்சு. வாத்தியார் என்னிடம் கேள்வியே கேட்கமாட்டார். "நீ கம்முனு ஒக்காந்துக்கினு இரு, போதும்" என்பார். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து வந்தவன்தான். திரும்பிப் போகவில்லை. டிராக்டரில் ஏறிவிட்டேன்.

உன் கதை நேர்மாறு. ஒரு வகுப்பிலும் நீ ஃபெயில் ஆனதில்லை. "பொம்பளப் புள்ளதான, பாஸ் போட்டு அனுப்பு" என்று எட்டாவது வரைக்கும் தள்ளிவிட்டார்கள். ஒன்பதாவதில் போர்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாமல் நின்றுவிட்டாய். நீ வேலை பார்த்த திருபுவனை கம்பெனியில் உன்னை லைன் லீடராகப் போடுகிறேன் என்று சூப்பர்வைசர் கூப்பிட்டபோது, ஷிப்டு முடிந்ததும் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றதும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

"எட்டாவது பாஸுன்னு சர்டிபிகேட் வச்சிக்கினு இருக்கேன் மாமா. அரைப் பக்கம் எழுத வர்ல. பாஸ் போட்டு என்னெ ஏமாத்திட்டாங்க" என்றாய்.

"என்னெ ஃபெயில் போட்டுத் தொரத்திட்டாங்களேடி" என்றேன் நான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு தர்ஷினி ஒன்றாவதில் சேர்ந்ததும் அவள் புத்தகத்தை வைத்தே நீயும் எழுதப் பழகினாய், லைன் லீடரும் ஆனாய். சண்டை மட்டும் ஓயவில்லை. தெரியாத பிள்ளைக்குப் பாஸ் போடுவது பாவம் என்பாய் நீ. பிள்ளையை ஃபெயில் போடுவதுதான் பாவம் என்பேன் நான். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, பக்கத்துக் கட்டில்காரம்மாவைச் சாட்சிக்கு இழுத்தாய்.

நம் பெண்ணுக்கு எங்கே பிசகியது தெரியுமா? அவள் மூன்றாவது படிக்கும்போது கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடினார்கள். போனில் பாடம் என்றார்கள். உன் போனை நீ வேலைக்கு எடுத்துப் போய்விடுவாய், என் போன் பட்டன் போன். நான்காவதும் ஏறக்குறைய அப்படியே போயிற்று. எல்லாருக்கும் பாஸ். ஆறாவதில் உன் உடம்பு கெட்டது. பாதி நாள் அவள் உன்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த வருஷமும் பாஸ். நீ போன பிறகு ஏழாவது. அம்மா இல்லாத பிள்ளை என்று பாவப்பட்டு அப்போதும் பாஸ். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாரும் இரக்கத்தோடுதான் செய்தார்கள். நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

ஐந்தாவதிலும் எட்டாவதிலும் மறுபடி ஃபெயில் போடலாம் என்று இப்போது சட்டம் மாற்றியிருக்கிறார்கள். ஃபெயிலானால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. கணக்கிலும் அறிவியலிலும் தர்ஷினி ஃபெயில் என்று போன் வந்தபோது கரும்புத் தோட்டத்தில் நின்றிருந்தேன். எனக்கு நாற்பது வயதுக்கு மேலே ஆகிறது. அந்த நிமிஷம் ஏழாவது படிக்கிற பையனாகத்தான் நின்றேன்.

மறுநாளே எங்கள் அண்ணன் வந்தார்.

"இன்னாடா இது? கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு. அவங்க மேலிடத்துல ஒரு வார்த்தை சொன்னா பாஸ் போட்டுடுவாங்க. பொண்ணு ஃபெயிலுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

நான் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தேன். தர்ஷினி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போற?"

"ஒன் விஷயமாத்தான். பெரியப்பா கூட."

"மொதல்ல நான் பரீட்சை எழுதறேன்பா. அப்பறமா போ" என்றாள். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் நடை அப்படியே. நான் வண்டியைத் திரும்ப நிறுத்தினேன்.

பர்வீன் டீச்சரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். வில்லியனூரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஸ்கூட்டியில் வருவார், கணக்கு எடுக்கிறார். தர்ஷினியை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொரு கணக்காகக் கொடுத்துப் பார்த்தார். பெரிய கணக்கிலிருந்து ஆரம்பித்துக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இவ எட்டாவதுல ஃபெயில் இல்ல. மூணாவதுல ஃபெயில். அப்ப யாரும் பாக்கல, அவ்ளோதான்."

லீவில் காலை நேரத்தில் டீச்சர் வகுப்பு வைத்தார். ஃபெயிலான பிள்ளைகள் எல்லாரும் முதலில் வந்தார்கள். எப்படியும் பாஸ் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு பரவியதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நம் பெண் மட்டும் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்து போனாள். எனக்குத்தான் கூச்சம். அட்டை போட்டு மறைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "இன்னாத்துக்குப்பா?" என்றாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

வகுத்தல் வந்தது. பின்னம் வந்தது. ஒரு நாள் உலை வைக்கும்போது, "முக்கால் படியில பாதி எவ்ளோப்பா?" என்றாள். கண்ணளவில் போடு என்றேன். சிரித்துக்கொண்டே தரையில் சாக்பீஸால் எழுதிப் பார்த்து, "எட்டுல மூணு" என்று எழுந்தாள். சோறு குழைந்துவிட்டது. அந்தக் குழைந்த சோற்றை நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

மறுதேர்வில் அறிவியல் தேறினாள். கணக்கில் கொஞ்சம் மார்க்கு பத்தவில்லை. அவளோடு எழுதிய மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான், சிலருக்கு ரொம்பவே பத்தவில்லை. தலைமை ஆசிரியர் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டார். நல்ல மனுஷர். "புள்ளைங்கள நிறுத்தி வைக்க எனக்கு மனசு வர்ல. நானே மார்க்கு போட்டு ஒம்பதாவது அனுப்பிடறேன். நாளைக்கு வந்து கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்றார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான்தான் முதலில் கும்பிட்டேன்.

வண்டியில் திரும்பி வருகிறோம். மதகுக்குப் பக்கத்தில் முதுகைத் தட்டினாள்.

"வண்டிய நிறுத்துபா."

"இன்னா?"

"எனக்கு அந்த மார்க்கு வேணாம்."

"பைத்தியமாடி ஒனக்கு? எல்லாம் பாஸ் ஆவுதுங்க!"

"அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியலப்பா. இப்பதான் எக்ஸ், ஒய்யே தொட்டிருக்கேன். ஒம்பதாவதுல மொத நாளே அதுலதான் ஆரம்பிப்பாங்க. மறுபடியும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கினு ஒக்காரணும். நாலஞ்சு வருஷமா ஆட்டறேன். கழுத்து வலிக்குதுபா."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, கஸ்தூரி. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கத்தினேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "கடைசி பெஞ்சுன்னா இன்னான்னு தெரியுமாடி ஒனக்கு? கூடப் படிச்சவனெல்லாம் மேல போயிடுவான். நீ மட்டும் சின்னப் பசங்க கூட குந்திக்கினு இருக்கணும். ஒரு பய ஒன்ன ஆளா மதிக்கமாட்டான். நான் குந்தியிருக்கேன்டி அங்க!"

அவள் பயப்படவில்லை. அழவுமில்லை. நான் மூச்சு வாங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஸ்கூல விட்டு ஓடுனது ஃபெயில் ஆனதாலயாப்பா? யாரும் சொல்லித் தராததாலயா?"

நான் ஸ்டாண்டை எடுக்கக் குனிந்தேன்.

"அம்மாவுக்குப் பாஸ் போட்டாங்க. சொல்லித் தர்ல. ஒனக்கு ஃபெயில் போட்டாங்க, ஒனக்கும் சொல்லித் தர்ல. எனக்கு இப்பதான் ஒருத்தங்க சொல்லித் தராங்க. ஒரு வருஷம் குடுபா."

நாம் இத்தனை வருஷம் சண்டை போட்டோமே, ஒரு நாளாவது இது நமக்குத் தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. நீ பாஸைத் திட்டினாய், நான் ஃபெயிலைத் திட்டினேன். இந்தப் பெண் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் சொன்னதையும் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கையெழுத்துப் போடப் போன இடத்தில், "எம் பொண்ண எட்டாவதுலயே நிறுத்திக்கங்க சார்" என்றேன். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் பேசறீங்களா ஏழுமலை? நிறுத்தின பொண்ணுங்க பாதி பேரு அப்படியே நின்னுடும். நாளைக்கு இவ படிப்ப விட்டுட்டா பாவம் யார் தலையில?"

"அந்த பயம் எனக்கு உங்களவிட ஜாஸ்தி சார். நானே அப்படி நின்னவன்தான். அதனாலதான் கேக்கறேன். நிறுத்துங்க, ஆனா தள்ளிடாதீங்க. மொத பெஞ்சுல போடுங்க. தெனமும் ஒரு கேள்வியாவது கேளுங்க, தப்பா சொன்னாலும் கேளுங்க. டீச்சரம்மா காலையில எடுக்கறாங்களே, அந்த வகுப்ப வருஷம் பூரா வைங்க. ஃபெயில் போட்டுட்டு நீங்க சும்மா இருந்தா, அதுக்கு நீங்க பாஸே போட்டுடலாம் சார்."

இவ்வளவையும் நானா பேசினேன் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூமில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, தினமும் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே எட்டாம் வகுப்பு ரூமைத் திறந்துவிடச் சொன்னார். இதை அவர் படித்தால் கோபிக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கதவு இன்றைக்கு வரைக்கும் நேரத்துக்குத் திறக்கிறது.

எல்லாம் சுபமாக நடந்தது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. தர்ஷினியின் சிநேகிதிகள் மாடி வகுப்புக்குப் போய்விட்டார்கள், இவள் கீழேயே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, யூனிபார்ம் போட்டு, தலை பின்னி, பையை மாட்டிக்கொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்த பசங்க என்னெ அக்கான்னு கூப்புடறாங்கப்பா" என்று சொல்லி அழுதாள். வகுப்பிலேயே அக்கா! கேட்க எனக்கே எப்படியோ இருந்தது. அப்போது நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "இன்னிக்கு லீவு போட்டுடும்மா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வெயில் ஏறியதும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு தானாகவே போனாள். நேரம் கழித்து வந்ததற்கு டீச்சர் திட்டினாராம். "எல்லாரையும் திட்டற மாதிரிதான்பா திட்டினாங்க" என்று சாயங்காலம் சந்தோஷமாகச் சொன்னாள்.

இப்போது வகுப்பில் அந்த 'அக்கா' என்பதற்கு அர்த்தமே மாறிவிட்டது. "அக்கா, இது எப்படி வந்துச்சு?" என்று விடையைக் காட்டிக் கேட்கிறார்களாம். அரையாண்டில் கணக்கில் அறுபத்தொன்று. நூற்றுக்கு நூறு என்று நீ நினைத்துக்கொள்ளாதே. அறுபத்தொன்றுதான். ஆனால் அதில் இரக்கப்பட்டு யாரும் போட்டது ஒன்றுகூட இல்லை. பேப்பரை என்னிடம் காட்டி, தப்பான கணக்கு ஒவ்வொன்றிலும் எங்கே சறுக்கினாள் என்று அவளே சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் அவளுக்குப் புரிகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

இன்னொரு சேதியும் உண்டு. போன வருஷம் மார்க்கு போட்டு மேலே அனுப்பிய பிள்ளைகளில் மூன்று பேர், நம் தெரு சந்தியாவும் இரண்டு பையன்களும், காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்து பர்வீன் டீச்சர் வகுப்பில் தர்ஷினியோடு உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பாஸ் போட்டது தப்பா? முன்பு என்றால் நான் ஒன்று சொல்லியிருப்பேன், நீ ஒன்று சொல்லியிருப்பாய். சந்தியாவை நிறுத்தியிருந்தால் அவள் அப்பா அந்த மாதமே வேலைக்கு அனுப்பியிருப்பார், இல்லை மாப்பிள்ளை பார்த்திருப்பார். அந்தப் பெண்ணைப் படிப்பில் தக்கவைத்தது தலைமை ஆசிரியர் போட்ட மார்க்குதான். நம் பெண்ணைத் தக்கவைத்தது அவர் போடாத மார்க்கு. இதை எந்தச் சட்டத்தில் எழுதுவது? உனக்குத் தெரிந்தால் கனவிலாவது வந்து சொல்.

போன வாரம் பூரணாங்குப்பத்தில் என் சித்தப்பா பேரன் கல்யாணம். சொந்தமெல்லாம் வந்திருந்தது. பந்தியில் எங்களுக்கு எதிரில் அண்ணனும் அவருடைய சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சம்பந்தியம்மா தர்ஷினியைப் பார்த்து, "வளந்துட்டியே! ஒம்பதாவதா, பத்தாவதாம்மா?" என்று கேட்டது. அண்ணன் இலையைப் பார்த்தார். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எட்டாவது அத்தை. ரெண்டாவது வருஷம் படிக்கிறேன்" என்றாள் நம் பெண். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அய்யய்யோ, ஃபெயிலா?"

"ஆமா அத்தை. கணக்கு தெரியல, அதான் நின்னு கத்துக்கறேன். இப்ப தெரியுது."

அண்ணன் தலையை நிமிர்த்தினார். பரிமாறுகிறவரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, "கொழந்தைக்கு இன்னொரு அப்பளம் போடுபா" என்றார். இரண்டு மாதம் பேசாமல் இருந்த மனுஷர்! நான் குனிந்து சாப்பிட்டேன். கண் எரிந்தது. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கல்தான், அதற்காகவும் இருக்கலாம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கஸ்தூரி. வருகிற பங்குனியில் அவள் மறுபடி பரீட்சை எழுதுவாள். நன்றாக எழுதினாலும் சரி, சறுக்கினாலும் சரி, அவள் எடுத்த மார்க்கு எதுவோ அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அதற்குமேல் ஒன்று வாங்கித்தரச் சொல்லி எவர் வாசலிலும் நிற்கமாட்டேன். நம் பெண் எந்த வகுப்பு என்று யார் கேட்டாலும், அவளுக்கு முன்பாக நானே வாய் திறந்து சொல்வேன், அவள் சொன்ன அதே சத்தத்தில்.

சண்டைக்கு ஆளில்லாமல் இங்கே ஒற்றைக் குரலில் பேசிக்கொண்டிருக்கும்,
உன் மாமா,
தர்ஷினியின் அப்பா,
ஏழுமலை